சுடாத ஷெரிப்

“சுட்டான்னு எழுதாத ஸமீரா. அதை அடிச்சிரு,” என்றார் மீரா முகைதீன்.

கட்டிலோரம் உட்கார்ந்து அவர் பர்மியில் சொல்லச் சொல்ல, மகள் எழுதிக்கொண்டிருந்தாள். யாங்கோனின் வாடகைப் புத்தகக் கடைகளுக்காக ஆயுள் முழுக்கக் கௌபாய் நாவல்கள் எழுதியவர் அவர். கண் மங்கிய பிறகு எழுதும் கை மட்டும் ஸமீராவுடையது.

இந்த நாவலின் நாயகன், ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிப் ஹார்லன், அமெரிக்காவில் நிஜமாகவே வாழ்ந்தவர். ஐந்து கொள்ளைக்காரர்களைத் தனியாளாகச் சுட்டு வீழ்த்தினார் என்று அங்கே கதை உண்டு. அந்தக் காலத்துச் செய்தித்தாளை ஸமீரா இணையத்தில் தேடி வாசித்துக் காட்டினாள். அதில் அவர் கை நடுங்க நின்று, பேசிப் பேசியே அவர்களைச் சரணடைய வைத்தார் என்றிருந்தது.

“ஊ தான்ஸின் ஒத்துக்க மாட்டாரு வாப்பா. அஞ்சு பொணம் விழலன்னா எவன் வாடகைக்கு எடுப்பான்னு கேட்டாரே.”

பதிப்பாளரின் பெயரைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி அடங்கியது.

“செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்ல மாட்டாம்மா. நாமதான் பாத்து எழுதணும்.”

அவள் அடித்து எழுதினாள். கடைசி அத்தியாயம் முடிந்தது. வாசித்துக் காட்டலாம் என்று நிமிர்ந்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

காலையில் உயிர் போனவரை மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்துவிட்டு, ஆண்கள் தாகேதா பகுதியிலிருந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். முன்னறைப் பாயில் உட்கார்ந்து அவருடைய தம்பி அய்யூப் பேச ஆரம்பித்தார்.

“எங்க காக்கா எழுத்துல மட்டுமா வீரரு? கலவர வருசத்துல எட்டுப் பேரு கத்தியோட கொள்ளையடிக்க வந்தானுங்க. கதவுக் கட்டைய உருவிக்கிட்டு, ஒத்த ஆளா ஓடை வரைக்கும் வெரட்டுனாரு. ஸமீரா, நீ அப்ப சின்னப்புள்ள, பக்கத்துல நின்னியே. சொல்லும்மா.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலையசைத்தால் போதும். சாச்சாவின் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

“மூணு பேரு சாச்சா,” என்றாள். “வாப்பாவுக்குக் கை நடுங்குச்சு. கட்டையத் தூக்கவே முடியல. கீழ போட்டுட்டு, வீட்டுல இருந்த அரிசில பாதிய அள்ளிக் குடுத்தாங்க.”

அய்யூப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஸமீராவுக்குத் தோன்றியது.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. காலையிலிருந்து வாய் திறக்காத உம்மா கமருன்னிசா.

“அந்த மூணு பேருல நெட்டையன மறந்துட்டியேடி! ‘குதிரைக்காரன் கதை எழுதுறவரு நீங்கதானே, அடுத்த பாகத்துல அவன் பொழைக்கிறானா’ன்னு கேட்டுக்கிட்டு வாசப்படியில உக்காந்துட்டான். இவரு வேர்த்து ஊத்த ஊத்த முழுக்கதையும் சொல்றாரு. அவன் கத்திய ஓரமா வெச்சுட்டுக் கேக்குறான். எந்திரிச்சுப் போறப்ப அரிசிய மறந்துட்டான். நாந்தான் கூப்புட்டுக் குடுத்தேன்.”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. திரைக்குப் பின்னால் சிரிப்பு மெல்ல அழுகையாக மாறியது. ஆனால் அது காலையிலிருந்து வராத அழுகை.

கதவோரம் நின்ற பதிப்பாளர் ஊ தான்ஸினுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னார்கள் என்று பர்மியில் கேட்டார். ஸமீரா சொன்னாள்.

“அந்த ஷெரிபுக்கும் கை நடுங்குகிறதா?”

“நடுங்குகிறது. அப்படியேதான் வாப்பா சொன்னார்.”

“அதை மாற்ற வேண்டாம். அப்படியே கொடு, அச்சுக்கு அனுப்புகிறேன்.”

துக்கம் கேட்கப் புதிதாக இருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அய்யூப் தொப்பியை மாட்டிக்கொண்டு, நகர்ந்து இடம் கொடுத்தார்.

“உக்காருங்க. எங்க காக்காவப் பத்தி ஒண்ணு சொல்றேன். மூணு பேரு கத்தியோட வந்தானுங்க. காக்காவுக்குக் கையெல்லாம் நடுங்குது…”

அவர் குரலில் பெருமை கொஞ்சமும் குறையவில்லை. உள்ளே கமருன்னிசா, பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்தும் அதுவரை தொடாதிருந்த சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.