வழவழப்பு

சின்னக் கரண்டி போலிருந்த கருவியை நர்ஸ் அவள் புருஷனின் கால் புண்ணின்மேல் வைத்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் பதறி எழுந்துவிட்டாள்.

"ஐயோ, அங்க கை வைக்காதீங்க சிஸ்டர். இப்பத்தான் புதுத்தோல் வருது."

பதினான்கு மாதமாக அவள் கண்ணுக்குள் வைத்துக் காத்துவந்த தோல் அது. தண்ணீர்த் தொட்டி கழுவுவதுதான் அவர்கள் பிழைப்பு. புருஷன் உள்ளே இறங்கித் தேய்ப்பான், அவள் மேலே நின்று கயிற்றில் வாளி இழுப்பாள். இரும்பு ஏணி அவன் கணுக்காலுக்கு மேலே கிழித்த கிழிசல் ஆறுவதாகத் தெரியவில்லை. சர்க்கரை உடம்பு வேறு. மாத்திரை, ஊசி, களிம்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. தினமும் காலையில் புண்ணைச் சுற்றித் துடைப்பாளே தவிர, நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டினாற்போல் மினுங்கிய அந்த ஏட்டின்மேல் மட்டும் பஞ்சுகூடப் படவிடமாட்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "மூடிக்கிட்டு வருது பாருங்க" என்று காட்டி, தானும் நம்பினாள். பெரிய டாக்டருக்கு அந்த நம்பிக்கை இல்லை. "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். தேறலைன்னா முட்டிக்குக் கீழ எடுக்கிறதைப் பத்திப் பேசணும்" என்று சொல்லி இந்த அறைக்கு அனுப்பியிருந்தார். ஒற்றைக்காலோடு எவன் தொட்டிக்குள் இறங்குவான்?

நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கையுறையை நீட்டினாள்.

"தோலான்னு நீங்களே தொட்டுப் பாருங்கக்கா."

தொட்டாள். விரல் வழுக்கியது. மனசுக்கு எட்டுமுன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மாதம் கழுவாத தொட்டியின் சுவரில், தண்ணீர் வற்றிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே வழவழப்பு.

"கிருமிங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்து, கூரை போட்டுக் குடித்தனம் நடத்துதுங்க. நீங்க குடுத்த மாத்திரை வாசலோட திரும்பிடுது. புண்ணும் ஆற வழியில்ல."

எத்தனை வீட்டுக்காரர்களை அவள் வாயாரத் திட்டியிருக்கிறாள்! தேய்க்காமல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் அந்தப் பாசி மேலாகக் குளித்துவிட்டு மறுபடி வளரும், இதுகூடத் தெரியாதா என்று. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றாள். படுத்திருந்தவனுக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

"ஊரு பாசியெல்லாம் நான் சுரண்டுறேன், இவ என் கால்லயே பாத்தி கட்டி வளர்த்திருக்கா சிஸ்டர்!"

"வாயை மூடுய்யா. வலிக்கப்போகுது."

மரத்துப்போக மருந்து தடவித்தான் நர்ஸ் சுரண்டினாள், ஆனாலும் அவன் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தான். சாம்பல் நிறத்தில் சளிபோல் வழிந்து வந்தது. அடியில் திட்டுத் திட்டாகச் சிவப்பு தெரிந்தது, பிறகு ரத்தம் பொடித்தது. பெண்டாட்டிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, நல்ல ரத்தம்தான். அடியில உயிர் இருக்கு. ஆனா ரெண்டு மூணு நாள்ல கிருமிங்க மறுபடி கூரை கட்ட ஆரம்பிச்சிடும். வாராவாரம் வாங்க. வீட்டுல நடுவுலயும் கழுவுங்க, சும்மா கும்பிட்டுட்டு விட்டுடாதீங்க."

நான்காம் வாரம் பெரிய டாக்டர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். புண் பாதியாகக் குறைந்திருந்தது. முழுக்க ஆற இன்னும் மாதங்கள் ஆகும், சர்க்கரை ஏறினால் திரும்பவும் வரலாம் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போனார். "இப்போதைக்கு வெட்டுற பேச்சு வேண்டாம்" என்பதற்குப் பிறகு அவள் காதில் எதுவும் விழவில்லை. வெளியே வந்ததும் நடைவழியிலேயே பையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத்தான்டி கால் சரியில்ல, நீ எதுக்கு உக்காருற?" என்றான் அவன், கையை நீட்டி.

அடுத்த வாரம் ஒரு மாடித் தொட்டிக்குள் முதல்முறையாக அவள் இறங்கினாள். அவன் தொட்டியின்மேல் திறப்பு ஓரமாக உட்கார்ந்தபடியே வாளி இழுத்தான். வாய் மட்டும் ஓயவில்லை.

"அந்த மூலையை விட்டுட்ட பாரு. நல்லா அழுத்தித் தேயி. அது ஒண்ணும் என் கால் இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தொட்டியின் வட்ட வாய்க்குள் கொஞ்சம் வானம், அவன் முகம். அதற்குப் பக்கத்தில், விளிம்பின்மேல் நீட்டிப்போட்ட வெள்ளைக் கட்டு, நனையாமல், வெயிலில். உள்ளங்கையைச் சுவரோரம் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள். மூலையில் ஓரிடத்தில் கை வழுக்கியது. பிரஷ்ஷை எடுத்தாள்.