மஞ்சள் வராத படம்

"அந்த மஞ்சள திருப்பிப் போட்டுக் குடு தம்பி" என்று தேவகி ஹேமசந்திரனிடம் கேட்டாள். ஆள் விட்டு அவனைத் தன் வீட்டுக்கு வரவழைத்திருந்தாள்.

ஆரணியில் ஆடித் தள்ளுபடி தொடங்கினால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. கடைவீதியில் பெட்டியும் பையுமாக வெளியே வருகிறவர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துத் தள்ளுவான். நிறம் இருந்தால் விளம்பரப் பலகைதான் முந்திக்கொண்டு கண்ணில் படும், மனுஷ முகம் பின்னால் போய்விடும் என்பது அவன் கட்சி. போன வெள்ளிக்கிழமை எடுத்ததில் ஒன்று அபாரமாக வந்திருந்தது. மிக்சிப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண் இடுங்கச் சிரிக்கும் ஒரு பெண். சந்தோஷம் தாளாமல் அன்றைக்கே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். அப்புறம் ஊர் வாட்ஸப் குழுக்கள் சும்மா இருக்குமா?

அந்தப் பெண்தான் தேவகி. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது வேண்டுதல் புடவை. கணவர் ஜெயக்குமார் நெஞ்சு ஆபரேஷனில் பிழைத்து வந்தால், ஆடியில் மஞ்சள் உடுத்திப் படவேட்டு அம்மனிடம் வருவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். கோயிலிலிருந்து திரும்பும் வழியில்தான் மிக்சி வாங்கியது. படத்தில் அந்த மஞ்சள் வெள்ளையாகிவிட்டது. வியர்வையைத் துடைத்ததில் பொட்டும் அழிந்திருந்தது. சந்தவாசலில் இருக்கும் அவள் சித்தி படத்தைப் பார்த்துவிட்டு, போனில் கூப்பிட்டு ஒப்பாரியே வைத்துவிட்டாள். போனை எடுத்தது ஜெயக்குமார்.

"தன் சாவுக்கு அழுவுறத தானே கேட்டுகினு நிக்கிறாரு. எனக்கு எப்டி இருக்கும் சொல்லு?" தேவகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, கேமராவுலயே கறுப்பு வெள்ளையா வெச்சி எடுத்தது. கலர் அதுல இல்லவே இல்ல. அழிச்சிட்றேன்க்கா."

ஆறு வருடமாகத் தெருத்தெருவாக அலைந்தும் இப்படி ஒரு படம் வாய்த்ததில்லை. ஆனால் அழுதுகொண்டு நிற்பவளிடம் வேறென்ன சொல்ல முடியும்? போனை எடுத்தான்.

கட்டிலில் சாய்ந்திருந்த ஜெயக்குமார் கையை நீட்டினார். "இரு தம்பி. நான் இன்னும் பாக்கவே இல்லியே."

வாங்கிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கி முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் இல்லாங்காட்டியும் இவ சிரிச்சிகினு இருப்பா போல" என்றார். "நல்லாத்தான் இருக்குது. அழிக்காத."

"வாயக் கழுவுங்க!" என்று தேவகி போனைப் பிடுங்கினாள். அவளே அழிக்கப் போகிறாள் என்று ஹேமசந்திரன் நினைத்தான். அவள் படத்தைப் பார்த்தபடி நின்றாள். திரை மங்கும்போதெல்லாம் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு அதை அணையவிடாமல் வைத்திருந்தாள்.