கழுதை பேசும் இடம்

ஆந்திரத்துச் சித்தூரில் உள்ள தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் இசை நாடகத்தில் கேசியாவுக்குக் கழுதை வேஷம். அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. பிலேயாம் என்ற தீர்க்கதரிசியைச் சுமந்து போகும் கழுதை, வழியில் உருவிய பட்டயத்தோடு நிற்கும் தேவதூதனைக் கண்டு மிரள்கிறது. பிலேயாமின் கண்ணுக்குத் தூதன் தெரியவில்லை. அவர் கழுதையை அடிக்கிறார். மூன்றாவது அடியில் அது வாய் திறந்து பேசிவிடுகிறது. எட்டுப் பாட்டு உள்ள நாடகத்தில் ஜனங்கள் சிரிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். எழுதி இயக்கிய தபீதாள் அக்கா அந்த இடத்தை நம்பித்தான் கேசியாவைக் கூப்பிட்டிருந்தாள்.

வசனம் சின்னது. "ஐயா, எதிர்ல ஒருத்தர் பட்டயத்தோட நிக்கிறாரு. நீங்க தீர்க்கதரிசி. நான் கழுதை." இங்கே இரண்டு மூச்சு நிறுத்த வேண்டும். "நம்ம ரெண்டு பேர்ல யாரு கண்ணுக்கு அவர் தெரியணும்?" சிரிப்பு ஏறி, இறங்கத் தொடங்கும்போது ஜாபேஸ் கீபோர்டில் பாட்டை எடுக்க வேண்டும். கேசியா திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். காலை பஸ் சந்திரகிரியைத் தாண்டுவதற்குள் அந்த வசனத்தை இருபது முறையாவது வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிடுவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கெடுத்தவர் பிலேயாம். அந்த வேஷம் தியோடர் அங்கிளுக்கு. சபை மூப்பர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், கணீரென்ற குரல். கேசியா "நான் கழுதை" என்று சொல்லி மூச்சை நிறுத்தினால், அந்த மௌனத்தில் அவர் புகுந்து ஜனங்களைப் பார்த்து அதையே தெலுங்கில், "நுவ்வு பிரவக்த, நேனு காடித அன்டோந்தி" என்று விளக்குவார். அடுத்த வரிக்கும் அப்படியே. ஒத்திகையில் முதல் நாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பணிவாகச் சொல்லிப் பார்த்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் தெலுங்கு வீட்டில் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள், கூட வரும் தெலுங்குச் சொந்தங்கள் முழித்துக்கொண்டு உட்காரக் கூடாது என்றார் அவர். சிரிப்பைப் பிட்டுப் பிட்டு ஊட்ட முடியாது என்று அவள் சொன்னதற்கு, "புரியாம சிரிச்சா அது சிரிப்பாம்மா?" என்று கேட்டார். தபீதாள் அக்காவோ, மூப்பரிடம் நான் எப்படிச் சொல்வது, நீயே பேசிக்கொள் என்று கழன்றுகொண்டாள்.

சித்தூரில் முதல் காட்சி பயந்தபடியே நடந்தது. தமிழ்ப் பக்கம் நாலு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள். அங்கிளின் தெலுங்கு கேட்டதும், என்னவோ முக்கியமான சமாச்சாரம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். தெலுங்குப் பக்கம் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் ஜாபேஸ் பாட்டை எடுத்துவிட்டான். நாலு காலில் நின்ற கேசியா, அட்டைக் கழுதை முகத்துக்குள் வியர்வையோடு சேர்த்து அழுகையையும் விழுங்கினாள்.

மறுநாள் அவள் அங்கிள் வீட்டுக்கே போனாள். அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி ரத்னம்மா காபி கொடுத்தாள். ரத்னம்மா தெலுங்குக்காரி, தமிழ் ஆராதனையில் அவள் காதோரம் குனிந்து பிரசங்கத்தை வரிக்கு வரி தெலுங்கில் சொல்வது தியோடர் அங்கிளின் முப்பது வருஷப் பழக்கம் என்பது சபைக்கே தெரியும். கேசியா தனக்குத் தெரிந்த தெலுங்கில் குறையைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் ரத்னம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தமிழ்லயே சொல்லு கண்ணு. முப்பது வருஷமா அந்தக் கோயில்ல உக்காந்துகினு கீறேன். புரியாம போறதுக்கு நான் என்ன கல்லா?"

கேசியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அப்படியானால் அங்கிளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"மத்த நாளெல்லாம் அவரு பேப்பர்கிட்ட பேசறாரு, டிவிகிட்ட பேசறாரு. ஞாயித்துக்கெழம அந்த ஒரு மணி நேரம்தான் எங்கிட்ட பேசறாரு. அத நானே கெடுத்துக்கணுமா?" என்றாள் ரத்னம்மா. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

குறை சொல்லப் போனவள் ரகசியத்தையும் சுமந்துகொண்டு திரும்பினாள். வழியெல்லாம் எரிச்சல். ஒரு கழுதை எத்தனையைத்தான் சுமக்கும்?

இரண்டாவது காட்சி திருப்பதியில், வேறொரு சபையின் கூடத்தில். மூன்றாவது அடி விழுந்தது. "நீங்க தீர்க்கதரிசி. நான் கழுதை" என்றாள். அங்கிள் வழக்கம்போல் தெலுங்கில் சொன்னார். கேசியாவுக்கு அன்றைக்கு என்னவோ சலித்துப்போயிற்று. அடுத்த வரியைச் சொல்லாமல் கழுதை முகத்தை மெல்லத் திருப்பி, அவரையே பார்த்தபடி நின்றாள். அங்கிள் அவளைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். வசனம் மறந்துபோயிற்றோ என்று அவருக்கு உதறல். கூடத்தில் கிசுகிசுப்பு எழுந்து அடங்கியது. அப்போது, சண்டையெல்லாம் ஓய்ந்த களைப்போடு, தாழ்ந்த குரலில் அவள் கேட்டாள்: "நம்ம ரெண்டு பேர்ல யாரு கண்ணுக்கு அவர் தெரியணும்?"

அங்கிள் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. ரத்னம்மா. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு கூடம் முழுவதும். அங்கிள் ஓங்கிய தடியோடு, திறந்த வாயோடு, தன் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு அலை எழுந்தது. ஜாபேஸ் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

கேசியா ஆசைப்பட்ட சிரிப்பு அதுதான். ஆனால் அங்கிளின் கண் ரத்னம்மாவை விட்டு நகரவில்லை: தெலுங்கு வருவதற்கு முன்பே அவள் சிரித்திருந்தாள்.

திரும்பும்போது அங்கிள் வேனில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்து வந்த இரண்டு ஞாயிறும் அவர் மனைவியின் காதுப் பக்கம் குனியவில்லை. ரத்னம்மா கேசியாவைப் பிடித்துக்கொண்டாள். பிரசங்கத்தை நேராகக் கேட்டால் நன்றாகவே இல்லையாம், அவர் சொல்லும்போது சுருக்கிச் சொல்வாராம். எல்லாம் உன்னால் வந்தது என்றாள்.

மூன்றாவது காட்சி பிச்சாட்டூரில். அன்று வந்திருந்தவர்களில் முக்கால்வாசி தெலுங்கு ஜனம். கேசியா வசனத்தைச் சொன்னாள், நிறுத்தினாள், முடித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கிள் கற்சிலை.

"அங்கிள், தெலுங்குல சொல்லுங்க" என்று அட்டை முகத்துக்குள்ளிருந்து முணுமுணுத்தாள்.

"எதுக்கு? எல்லாருக்கும்தான் புரியுதே" என்றார் அவர், உதடு அசையாமல்.

முட்டி வலித்தது. கேசியாவுக்கு வந்த கோபத்தில் கழுதை நிஜமாகவே உதைத்திருக்கும். வேறு வழியில்லை. ஜனங்கள் பக்கம் திரும்பி, லேபில் ரத்தம் எடுக்கும்போது பேசும் அரைகுறைத் தெலுங்கில், அந்த இரண்டு வரியையும் அவளே மறுபடி சொன்னாள். நடுவில் எங்கே நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு மூச்சுத் தாமதித்துச் சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் பின்வரிசைவரை போயிற்று. ஜாபேஸ் கையைக் கீபோர்டுக்குக் கொண்டு போனான். தியோடர் அங்கிள் அவன் பக்கம் தடியை நீட்டி, பொறு என்று சைகை காட்டினார். சிரிப்பு முழுக்க அடங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு ஜனங்களைப் பார்த்து, கேசியாவின் தெலுங்கில் இருந்த இரண்டு தப்புகளைத் திருத்திச் சொன்னார்.