பிரிந்த வீட்டின் நாற்பது நாள்

பிரிந்து வந்த பத்தொன்பதாம் நாள் காலை, ரேடியோ அறையில் நான் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது கூட்டமைப்பின் மருந்துக் கப்பல் கூப்பிட்டது. அது வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எங்கள் உலகமான கர்சாய்க்கு வரும் பாதையைக் கூட்டமைப்பு மூடப்போகிறது என்று யாரோ சொல்ல, கேப்டன் ஒராஸ் வழியில் எங்கும் நிற்காமல் ஓடிவந்திருக்கிறார். நல்ல மனிதர்களுக்கு வரும் நேரம் மட்டும் சரியாக அமைவதே இல்லை.

கர்சாயில் அண்ணன் தம்பி பங்கு பிரிந்தால், பிரிந்து போனவன் நாற்பது நாள் பழைய வீட்டிலிருந்து நெருப்புகூட வாங்கக்கூடாது. அந்த வீட்டுப் பொருள் எது கையில் இருந்தாலும் முதல் நாளே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பதினான்கு உலகங்களின் கூட்டமைப்பிலிருந்து கர்சாய் பிரிந்தாலும் இதே முறைதான் என்று சபையில் எழுந்து சொன்னவர் என் கணவர் பெக்தாஸ். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன், மறைப்பானேன். கூட்டமைப்பின் முத்திரை போட்ட அத்தனையையும் அன்றே அனுப்பிவிட்டோம். தரைக்கும் வானுக்கும் போய்வர எங்களிடம் இருந்த ஒரே ஓடமும் அதோடு போயிற்று.

சுரங்கத் தூசி பெக்தாஸின் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தது. மாதம் ஒரு ஊசி இடது கையில் போட்டால் மூச்சு ஓடும். அவரைப்போல இங்கே பன்னிரண்டு பேர். முத்திரை முன்பே உடைந்திருந்ததால் ஆளுக்கு இரண்டு மாத மருந்து மட்டும் ஆஸ்பத்திரியில் மிச்சம். கப்பல் வருவதற்குள் நாற்பது நாள் கழிந்துவிடும், முறையும் கெடாது, மருந்தும் வந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். கப்பல் வழக்கம்போல் வந்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும்.

ஆள் அனுப்பி அவரை வரவழைத்தேன். இருபது படி ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார். கப்பலை இறங்கச் சொல்லவா என்று கேட்டேன்.

"நான்தானே எந்திரிச்சு சொன்னேன், அக்மரால். எனக்கு மூச்சு முட்டுதுன்னு முறைய மாத்துனா ஊரு காறித் துப்பாதா?"

"துப்பட்டும். தொடைச்சுக்க நீங்க உசுரோட இருக்கணும்ல."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. மற்ற பதினோரு பேரைச் சொன்னேன். அவர்களும் கைதட்டியவர்கள்தான் என்றார்.

இறங்க அனுமதியில்லை என்று கேப்டனிடம் சொன்னேன். அவருக்கு எங்கள் முறை தெரியும், கோபப்படவில்லை.

"சரிம்மா. பாதைய மூடுறதுக்குள்ள நான் திரும்பணும், மருந்துப் பெட்டிய மேலயே சுத்த விட்டுட்டுப் போறேன். உங்க நாப்பது நாள் முடிஞ்சதும் உங்க ஓடத்துல வந்து எடுத்துக்குங்க. அப்ப அது அந்த வீட்டுப் பொருள் இல்ல, வழியில கெடந்த பொருள்."

ஓடம் போன விஷயம் அவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எந்த அனுமதியும் கேட்காமல் இறங்கியிருப்பார். பெக்தாஸ் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். இருந்த ஒரே ஓடத்தையும் ரோஷத்தில் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று ஒரு வெளியாளிடம் சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை.

"எடுத்துக்கிறோம் கேப்டன்," என்றேன். பெக்தாஸைக் குறை சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பொய்யைச் சொன்னது நான்.

நாற்பத்தோராம் நாள் கூட்டமைப்புக்கு எழுதி, ஓடம் ஒன்றை இரவல் கேட்டோம். மரியாதையான பதில் வந்தது. வெளி உலகங்களின் விண்ணப்பங்கள் வரிசைப்படி பரிசீலிக்கப்படும், எட்டு மாதமாகும்.

இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள். பொழுது சாயும்போது ஆஸ்பத்திரி முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். மேற்கே ஒரு வெளிச்சப் புள்ளி எழும்பி, தலைக்கு மேலாக நகர்ந்து, நாலே நிமிஷத்தில் கிழக்கு மலைக்குப் பின்னால் போய்விடும். அதுதான் பெட்டி.

நேற்று அது உச்சிக்கு வந்தபோது பெக்தாஸ் என் தோளிலிருந்து கையை எடுத்தார். அண்ணாந்து பார்த்தபடியே இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து விட்டுக்கொண்டு, அது மலைக்குப் பின்னால் மறையும்வரை அந்தக் கையை நீட்டியபடி நின்றார்.