குழாயடியில் ஒரு பச்சைப் புள்ளி

...இல்லை, இது தற்செயல் இல்லை, ஒரு நாள் என்றால் தற்செயல், இரண்டு நாள் என்றால் பிள்ளைக்குத் தாகம், தினமும் இடைவேளை மணி அடித்ததும் அந்தப் பச்சைப் புள்ளி வகுப்பை விட்டு வெளியே வந்து, நேராக மைதானத்துக் கோடிக்குப் போய், தண்ணீர்க் குழாயடியில் நின்று, அடுத்த மணி அடிக்கும்வரை ஆடாமல் அசையாமல் அங்கேயே கிடக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், மகளோடு விளையாட ஒரு ஈ காக்கை கிடையாது... அவன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டான், போட்ட கையோடு மறுபடி எடுத்தான். புள்ளி இப்போது வகுப்பில்தான் இருக்கிறது. அரை நாள் விடுப்புச் சொல்லியாயிற்று, மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும், இன்றைக்கு டீச்சரைப் பார்த்து இரண்டில் ஒன்று கேட்காமல் வீடு திரும்புவதில்லை. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டாமா? வேண்டும்தான். நாலைந்து நாள் பார்ப்போம், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டது யார் தப்பு? கல்வியாண்டு பாதியில் ஊர் மாற்றிப் பிள்ளையைப் புதுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து தள்ளியது யார்? சம்பளம் கூட, மெஷின்கள் புதுசு, வேலை சவாலானது என்று குதித்துக்கொண்டு வந்தது யார்? நீதான், நீயேதான், வேறு யாரைச் சொல்வது...

அவனுக்கு வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். மற்றவர்கள் மண்டையை உடைத்து எழுதுகிற மென்பொருளில் எங்கே ஓட்டை என்று நோண்டி எடுத்துக் கையில் கொடுப்பான், அலுவலகத்தில் அவனுக்குச் சந்தேகப்பிராணி என்று பெயர், அதைக் கேட்டு அவனுக்குக் கோபம்கூட வராது, பெருமையாகத்தான் இருக்கும். வீட்டிலும் அதே கைதான், எல்லாம் அவனே செய்து வைத்தது, பல் தேய்த்து முடிக்கும்வரை அணையாத விளக்கு, சாப்பாட்டு டப்பா இல்லாமல் வாசலைத் தாண்டினால் கீச்சென்று கத்துகிற புத்தகப் பை, மழை வரும் என்றால் காலையிலேயே அறிவிக்கிற பெட்டி... "இந்த வீட்டுல வாயை மூடிட்டு இருக்கறது நானும் தொடப்பமும்தான்" என்பாள் மனைவி. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆனால் பிள்ளையின் கையில் அந்தக் கடிகாரத்தை அவன் மாட்டிய அன்று அவள் சிரிக்கவில்லை. இருக்கிற இடத்தைக் காட்டும், வேண்டும்போது கூப்பிட்டுப் பேசலாம், அவ்வளவுதானே, புது ஊர், வழி தெரியாத ஊர், இதில் என்ன தப்பு என்றான். "அது அவளுக்கா உங்களுக்கா?" என்று கேட்டாள். இது என்ன கேள்வி, அவளுக்குத்தான். இன்று காலைகூட, "எல்லாரோடயும் வெளையாடறேன்னுதானே சொல்றா, பிள்ளை பேச்சை நம்புங்களேன்" என்றாள். எப்படி நம்புவது? யாரோடம்மா விளையாடினே என்றால் எல்லாரோடயும், என்ன விளையாட்டு என்றால் எல்லா விளையாட்டும்... இப்படி மொத்தமாகச் சொல்கிறவர்கள் மறைக்கிறார்கள் என்று அர்த்தம், அப்பா மனசு கஷ்டப்படக் கூடாது என்று இந்த வயதிலேயே பூசி மெழுகக் கற்றுக்கொண்டுவிட்டாள், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மெஷினுக்கு மனசு கிடையாது, அது யாருக்காகவும் பொய் சொல்லாது.

சாலையைக் கடந்தான். பழுப்பு நிறச் சுற்றுச்சுவர் தெரிந்தது, சுவர் தெரிந்ததும் வேறொரு சுவர் ஞாபகத்துக்கு வந்தது, வராமல் இருக்குமா, அவனும் இடைவேளைகளை ஒரு சுவரோரம்தான் கழித்தான். பழைய டார்ச் லைட் ஒன்றைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான், ஸ்பிரிங்கைத் தொலைத்துவிட்டு மண்ணில் துழாவுவான். ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தாலும் அவனைக் கூப்பிட மாட்டார்கள், ஒற்றைப்படையாகவே ஆடுவார்கள். கூப்பிட்டால் போயிருப்பானா? தெரியாது. யாரும் கூப்பிடவில்லையே. அவனுக்கு அது பழகிப் போயிற்று, டார்ச் லைட்டிலிருந்து ரேடியோ, ரேடியோவிலிருந்து கம்ப்யூட்டர், இன்றைக்குச் சோறு போடுவதும் அதுதான், குறை ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்கு அது வேண்டாம், அந்தச் சுவர் வேண்டாம், அது தன்னோடு போகட்டும். டீச்சரிடம் சொல்லி இடம் மாற்றி உட்கார வைக்கலாம், நாலு பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடலாம், வேண்டுமென்றால் அலுவலக நேரத்தை மாற்றிக்கொண்டு தானே வந்து நிற்கலாம், எதுவானாலும் சரி, செய்தே தீருவது.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். டீச்சர் வகுப்பில் இருக்கிறாராம், மணி அடித்ததும் வருவாராம், இந்த அறையில் உட்காரணுமாம். உட்கார்ந்தான். எதிர்ச்சுவரில் கோப்பைகள், ஒரு மீன் தொட்டி, அதில் மீன் எங்கே என்று தேடினால் கூழாங்கல்லுக்குப் பின்னால் ஒன்றே ஒன்று... மணி அடித்தது. கூரை இடிந்தாற்போல் கூச்சல். கைப்பேசியில் புள்ளி கிளம்பியது, தாழ்வாரத்தைத் தாண்டியது, திரும்பாதே, அங்கே போகாதே, ஊஞ்சல் பக்கம் போ, யாரிடமாவது போ... போய்விட்டது. குழாயடி. நின்றுவிட்டது. அவன் எழுந்தான்.

"சார், உள்ள போகக் கூடாது சார்."

"தொண்டை வறளுது, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

பொய்தான், போகட்டும். வேகமாக நடந்தான், ஓடுகிற பிள்ளைகள் இடித்துக்கொண்டு போனார்கள், என்ன சொல்வது அவளிடம், அப்பா சும்மா இந்தப் பக்கமாக வந்தேன் என்றா? கட்டிப்பிடித்துக்கொண்டால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களோ? சிரிக்கட்டும். மூலை திரும்பினான். சுவரோரம் வரிசையாக ஆறேழு குழாய்கள், ஒன்று ஒழுகுகிறது, ஈரத்தில் ஒரு நெளிந்த மூடி... ஆள் இல்லை. கைப்பேசியைப் பார்த்தான், புள்ளி இங்கேதான். நிமிர்ந்தான், யாரும் இல்லை. தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தான், பிள்ளை எங்கே, எங்கே என் பிள்ளை... அப்புறம்தான் கண்ணில் பட்டது. கடைசிக் குழாயின் கழுத்தில், பட்டையைச் சுற்றி, கொக்கியைக்கூடச் சரியாக மாட்டி, அவளுடைய கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. இது கையில் இருக்கிறதா என்று ஒரு தடவையாவது பார்த்தாயா? ஊரான் வேலையில் ஓட்டை தேடுகிறவனே, இதைப் பார்த்தாயா?

கூச்சல் கேட்ட பக்கம் திரும்பினான். மைதானத்து நடுவில் ஒரு பெரிய கூட்டம் சங்கிலியாகக் கை கோத்து ஓடிக்கொண்டிருந்தது, முன்னால் இழுத்துக்கொண்டு ஓடுவது யார், ஒரு பக்கச் சடை அவிழ்ந்து, ஒரு காலில் சாக்ஸ் இறங்கி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, "விடாத, விடாத, இந்தப் பக்கம் வளைச்சுப் பிடி"... அவள்தான். இந்தக் குரல் அவளுக்கு உண்டா? வீட்டில் இந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. சந்தோஷம், உண்மையிலேயே சந்தோஷம்தான், ஆனால் அதற்கு அடியில் என்னவோ ஒன்று நமைச்சலாக... அவன் அங்கேயே நின்றான். ஒழுகுகிற குழாயை மூடிப் பார்த்தான், மூடவில்லை. அவனையும் அந்தக் கடிகாரத்தையும் தவிரச் சுவரோரம் யாரும் இல்லை.

மணி அடித்ததும் மூச்சிரைக்க ஓடி வந்தவள் அவனைப் பார்த்து நின்றாள். திருதிருவென்று விழிப்பாள் என்று நினைத்தான், இல்லை, நேராக வந்து கடிகாரத்தைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க ஏம்பா வந்தீங்க? உடம்பு சரியில்லையா?"

"இதை ஏம்மா இங்க மாட்டி வெச்சிருக்க?"

"அன்னைக்கு ஒரு நாள் கூப்பிட்டீங்கல்ல, வேகமா ஓடாத, தண்ணி குடின்னு. நான் பேசறதுக்கு நின்னேனா, அவுட் ஆயிட்டேன். எங்க டீமே தோத்துடுச்சு."

அந்த நாள் அவனுக்கு ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் அவள் வேகமாக ஓடவே இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டான்.

"அப்ப பையிலயே வெச்சிருக்கலாமே?"

"வெச்சா புள்ளி கிளாஸ்லயே நிக்கும். இவ வெளியில போகலையேன்னு கவலைப்படுவீங்க. அதான் வெளியில எடுத்துட்டு வந்து மாட்டுவேன்." பிறகு அவன் முகத்தையே பார்த்தாள், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் பார்ப்பானே, அந்த மாதிரி. "இங்க மாட்டினது பிடிக்கலையாப்பா? நாளைக்கு ஊஞ்சல் பக்கத்துல மாட்டவா? அங்க நெறைய பேர் இருப்பாங்க."

வேண்டாம்மா, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ, அப்பாவுக்கு ஒன்றும் கவலை இல்லை... சொல்ல வேண்டியது இதுதான், வேறு பதிலே கிடையாது, வாய்வரை வந்தும்விட்டது. தூரத்தில் வாட்ச்மேன் கையசைத்துக் கூப்பிட்டார், டீச்சர் வந்துவிட்டார் போலிருக்கிறது. இனிமேல் டீச்சரிடம் கேட்க என்ன இருக்கிறது? பிள்ளைகள் வரிசை வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள், நேரமாகிறதே என்று ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு.

"ஊஞ்சல் பக்கத்துலயே மாட்டும்மா" என்றான்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நாளைக்குப் புள்ளி ஊஞ்சலடியில் நிற்கும், அது பொய் என்று தெரியும், தெரிந்துகொண்டே அலுவலகத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான், பார்த்தால் மனசுக்கு நிம்மதியாகவும் இருக்கும்... அது ஏன் என்றுதான் அவனுக்குப் புரியவில்லை.