கிட்டார் இல்லாத பக்கம்

ஃபரூக்குக்குத் தன் கிட்டார் வாசிப்பைப் பற்றி அடக்கம் கிடையாது. இருக்கவும் வேண்டாம். 1968-ல் மெட்ராஸ் ஹோட்டல்களில் அவன் குழு ராக் வாசித்தபோது, பாட்டின் நடுவில் அவன் தனியாக வெளுத்து வாங்கும் அரை நிமிஷத்துக்காக டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. வாணியம்பாடியில் இருந்த அண்ணன் உஸ்மான் மட்டும் மசியவில்லை. "ஒழுங்கா ஒரு ரெக்கார்டு போட்டுக் காட்டு. இல்லன்னா மூட்டைய கட்டிக்கினு நம்ம தோல் மண்டிக்கு வந்து சேரு" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ரெக்கார்டு கம்பெனி ஃபரூக்கையே தயாரிப்பாளராகவும் போட்டது. ஆனால் ஸ்டுடியோவில் எடுத்ததெல்லாம் யாரோ வெள்ளைக்காரன் பாட்டைப் பார்த்துக் காப்பியடித்தது போலச் சப்பென்று இருந்தது. அப்போதுதான் அவனுக்கு மலைமேல் இருக்கும் புதூர்நாடு நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்க அத்தாவோடு மலையேறிய நாட்களில் அங்கே கேட்ட உலக்கைத் தாளம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. டிரம்மரை மெட்ராஸிலேயே விட்டுவிட்டு, டேப் மெஷினையும், கல்யாண மைக் செட்காரரிடம் வாங்கிய பேட்டரி ஆம்ப்ளிஃபயரையும், பாடகன் கிருஷ்ணனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

உலக்கை பிடிக்க அந்த மலையூர் மாதம்மாளும் செல்லியம்மாளும் சம்மதித்தார்கள். தானியம் கிடந்தால் சத்தம் மழுங்குமே என்று ஃபரூக் உரலைக் காலியாகத் துடைத்து வைத்தான். மாதம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு உலக்கையைக் கீழே வைத்தாள்.

"வெறும் உரல இடிக்க மாட்டோங்க. வூடு வெளங்காது."

"சும்மா சத்தத்துக்குத்தாம்மா."

"சத்தத்துக்கு யாராச்சும் இடிப்பாங்களா பாய்?"

தயாரிப்பாளர் ஃபரூக் உரலை விட்டு விலகி நின்றான். அன்றைய சமையலுக்கு வைத்திருந்த சாமை உரலில் விழுந்தது, டேப் சுற்றத் தொடங்கியது.

ஃபரூக் தோளில் கிட்டாரும் காதில் ஹெட்போனுமாக நின்றான். முதலில் இடி கனமாக விழுந்தது. உமி பிரியப் பிரியச் சத்தம் இளகி, இரண்டு பெண்களின் மூச்சும் மாறி மாறி அதில் சேர்ந்துகொண்டது. கிருஷ்ணன் சரணத்தை முடித்துவிட்டு, உன் முறை என்று ஃபரூக்கைப் பார்த்தான். ஃபரூக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய அரை நிமிஷம் உலக்கையோடும் மூச்சோடும் போய்விட்டது. வேறு வழியில்லாமல் கிருஷ்ணன் அடுத்த சரணத்தைப் பாடி முடித்தான்.

"இன்னாடா, தூங்கிட்டியா? இன்னொரு தடவ எடு" என்று கிருஷ்ணன் அவனை உலுக்கினான்.

மாதம்மாள் அதற்குள் முறத்தைக் கையில் எடுத்திருந்தாள். "அரிசி ஆயிடுச்சுங்க. இனிமே இடிச்சா நொய்யாப் பூடும்" என்றாள். வேறு சாமையும் இல்லை.

ஃபரூக்குக்கு முகம் சுட்டது. உஸ்மான் அண்ணனுக்குக் காட்ட அவனிடம் இருந்ததே அந்த அரை நிமிஷம்தான்.

"வுடு, மெட்ராஸ்ல அந்த எடத்துல கிட்டார சேத்துக்கலாம்" என்றான் கிருஷ்ணன்.

ஃபரூக் டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டான். அந்த இடம் வந்ததும் விரல்கள் தாமாகக் கம்பியைத் தேடின. தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் வாசித்துப் பார்த்தான். எதை வைத்தாலும் பாட்டு கெட்டது. வலித்தது, ஆனால் சந்தேகம் இல்லை.

"வேணாம். இப்டியே போட்டுடலாம்."

"ஒங்கண்ணன் கிட்டார் எங்கடான்னு கேப்பாரே?"

"கேப்பாரு. வாசிக்கத் தெரியாம இல்ல, நான்தான் வேணாம்னுட்டேன்னு சொல்றேன்."

சொல்லிவிட்டுக் கிட்டாரைத் தோளிலிருந்து இறக்கினான்.