கழுத்தில் முடியில்லாத ஆடு

1

காத்தான்குடியில் ஒரு துணிக்கடை வாசல். அங்கே அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்ற ஓர் ஆட்டின் கழுத்திலிருந்துதான் இந்தக் கதையை எடுத்தேன். கயிறு உராய்ந்து உராய்ந்து முடி போன வளையம். கயிற்றைக் காணவில்லை. யாராவது அவிழ்த்துவிட்டார்களா, அதுவே அறுத்துக்கொண்டதா? தொடர்கதை எழுதிப் பழகிய கைக்கு இவ்வளவு போதும்.

முதல் வரி: 'இரத்தம் சொட்டும் கத்தியோடு அந்த உருவம்…'

(அடித்துவிட்டேன். என் கதாநாயகி ஸாதியாவிடம் கத்தி இல்லை. சீப்புத்தான். அதுவும் கணினித் திரைக்குள் இருக்கும் சீப்பு.)

2

ஸாதியா காத்தான்குடிக்காரி. கல்லடியில் ஒரு சின்ன அனிமேஷன் நிறுவனத்தில் விலங்குகளுக்கு முடி வளர்ப்பது அவள் வேலை. மொட்டையாக வந்துசேரும் கணினி ஆட்டின் உடம்பில் சில வழிகாட்டி முடிகளை நட்டு, சீவி, வளைத்துவிடுவாள். மிச்ச இலட்சம் முடியையும் மென்பொருள் அவற்றைப் பார்த்து முளைக்க வைக்கும். இந்த முறை கைக்கு வந்த வெளிநாட்டுப் படம், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் ஓர் ஆட்டைப் பற்றியது. ஆகவே அவளுடைய ஆட்டின் கழுத்தில் அந்த மொட்டை வளையம் இருந்தது.

"அத மூடு புள்ள," என்றான் குழுத் தலைவன் ரதீஸ். "வெளிநாட்டுக்காரனுக்கு வடிவான ஆடு வேணுமாம்."

"கட்டிக் கிடந்த ஆடு அண்ணன். கயிறு பட்ட இடத்துல முடி எப்பிடி இரிக்கும்?"

"பின்னேரத்துக்குள்ள மூடாட்டி ஆட்டக் கஜானிட்டக் குடுத்திருவன். படத்துல உன்ட பேர் வராது."

இதுவரை எந்தப் படத்திலும் அவள் பெயர் வந்ததில்லை.

('ஸாதியாவின் கண்களில் நீர்…' என்று தொடங்கினேன். அவள் அழவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.)

"நீங்களே மூடுங்க."

3

ரதீஸ் உட்கார்ந்து வளையத்தின்மேல் தூரிகையை ஓட்டினான். முடி முளைத்தது. ஆனால் கயிறு ஒதுக்கியதுபோல் இருக்கட்டும் என்று, வளையத்துக்கு மேலிருந்த முடியைத் தலைப்பக்கமும் கீழிருந்ததை உடம்புப்பக்கமும் அவள் சீவியிருந்தாள். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் புதுமுடி நட்டுக்கொண்டு நின்றது.

பக்கத்து மேசைக் கஜானி எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணன், ஆட்டுக்கு மாலை போட்டிருக்கீங்க?"

"மாலை போட்டா அறுக்கக் கொண்டுபோறாங்க எண்டுதான் சனம் நினைக்கும்," என்றாள் ஸாதியா. "இது தப்பி ஓடுற ஆடு."

ரதீஸ் சிரிப்பை விழுங்கினான். "சரி, கழுத்தத் திருப்பிச் சீவித் தா."

"ஏலா."

"கெஞ்சிக் கேக்கிறன் எண்டு வை."

"கெஞ்சினாலும் ஏலா. அனுப்புறதெண்டா நான் செஞ்ச கழுத்த அனுப்புங்க. மாலையத்தான் அனுப்புவீங்க எண்டா என்ட பேரப் போடாதீங்க. நீங்க எடுக்க முந்தி நானே எடுக்கிறன்."

4

இப்போது முடிவு. வெளிநாட்டு இயக்குநர் வளையத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய்… (சீ, வேண்டாம்.) ஸாதியா மனம் இளகிச் சீப்பை எடுத்து… (எழுதப் பார்த்தேன். எனக்கும் "ஏலா" என்றுவிட்டாள்.)

திரையில் இரண்டு ஆடுகள் நிற்கின்றன: அவள் செய்த மொட்டை வளையத்தோடு ஒன்று, அவன் போட்ட மாலையோடு ஒன்று. ரதீஸின் விரல் அனுப்பும் பொத்தானில். ஸாதியா கைகளைக் கட்டிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள்.

எந்த ஆடு போனது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த விரலை, வாசகரே, உங்களிடம் தருகிறேன். அமுக்குங்கள். ஆனால் மாலை போட்ட ஆட்டை அனுப்பினீர்கள் என்றால், திரும்பி வந்து இந்தக் கதையிலிருந்தும் அவள் பெயரை அடித்துவிடுங்கள்.

அது அவள் உத்தரவு.